இரண்டாம் டிவிஷன் மண்டோர் வீடு

பிள்ளைகளே,

நீங்கள் இருவரும் ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே புது அடுக்குமாடியில் குடிபோனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வேலையிடம் பக்கம், மின்தூக்கி பழுதாவதில்லை, நல்லதுதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியோடு நான் வந்தபோது, வாசலில் இருந்த காவல்காரத் தம்பி என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். எந்த மாடி, எந்த வீடு, என்ன விஷயம் என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, "அங்கிள், நீங்க வர்றது அவங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

"பெத்ததே நான்தான் தம்பி."

"அது சரி அங்கிள். தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. சொல்லாமல் வந்திருந்தேன். நீங்கள் கைப்பேசியை எடுத்து, "ஆமா, எங்க அப்பாதான், விடுங்க" என்று சாட்சி சொல்லும்வரை குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற நேரத்தில்தான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. பாரோய், சிக்காமட், அம்பாங்கான் எல்லாவற்றையும் சேர்த்து நீங்கள் இப்போது "அந்தப் பக்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். அந்தப் பக்கத்தின் குணம் எப்படிப்பட்டது, அந்தக் குணத்தால் உங்கள் அம்மா எனக்குக் கிடைக்காமல் போக இருந்தது எப்படி, பிறகு அதே குணத்தால் கிடைத்தது எப்படி என்பதையெல்லாம் எழுதிவைக்கிறேன். எனக்குப் படிப்பு குறைவு. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

சிரம்பான் பட்டணத்தை விட்டுக் கோலா பிலா சாலையில் கிழக்கே போனால் முதலில் அம்பாங்கான் வரும். அங்கே கடையில் நின்று வழி கேட்டால் கடைக்காரர் வழி சொல்லமாட்டார். நீங்கள் எந்தத் தோட்டத்து ஆள் என்று முதலில் கேட்பார். சொன்னதும் அந்தத் தோட்டத்தில் தனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நலமா என்று விசாரிப்பார். வழி கடைசியில்தான் வரும், அதுவும் பாதி. சிக்காமட்டுக்காரர்கள் வேறு மாதிரி. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் மோட்டாரை முடுக்கிவிடுவார்கள். "என் பின்னாலயே வாங்க" என்று சொல்லி முன்னால் போய், பாதி வழியில் யாரையாவது பார்த்து நின்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாமும் பின்னால் நிற்கவேண்டும்.

பாரோய் இந்த இரண்டையும் மிஞ்சியது. தோட்டங்களை விற்று, ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து, தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளைக் கட்டியபோது, எங்கள் ஆட்கள் மலிவு வீடுகளை வாங்கிக்கொண்டு இங்கே வந்தார்கள். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எந்த வரிசையில் இருந்தார்களோ, முடிந்தவரை அதே வரிசையில் வீடு பிடித்தார்கள். லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்து சண்டை போட்டவர்கள் இங்கேயும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வந்து, விட்ட இடத்தில் இருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். சாலைப் பலகையில் ஒரு பெயரும் இரண்டு எண்களும் இருக்கும். அது தபால்காரருக்கு. நாங்கள் "மூணாவது லயம்", "ஸ்டோர் பக்கம்", "மண்டோர் வீடு" என்றுதான் சொல்வோம். டிவிஷன் என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, மண்டோர் அங்கே ஆட்களை வேலை வாங்கியவர். பால் நிறுக்கும் ஸ்டோர் எங்கே என்று கேட்காதீர்கள். அது தோட்டத்தோடு போய்விட்டது. பெயர் மட்டும் லோரியில் ஏறி வந்துவிட்டது.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன், "யார் நீங்க, என்ன விஷயம்" என்று கேட்கக் கூடாது. தோட்டத்தில் ஒருவர் வீடு தேடி வருகிறார் என்றால் வெயிலில் அத்தனை தூரம் நடந்து வந்திருப்பார். அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. இப்போது எல்லோரும் காரில் குளிர்ச்சியாக வந்து இறங்குகிறார்கள். சட்டம் மட்டும் மாறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது நான் ரெம்பாவ் பக்கம் தோட்டத்து வீட்டில் அம்மாவோடு இருந்தேன். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. உங்கள் அம்மா அங்கே பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தார். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் காலையில் சாப்பிடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளர் கத்தக் கத்த, தன்னுடைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். "அவ சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் திட்டுங்க" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். நான் ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார்ந்தபடி இதைப் பார்த்தேன். அன்று இறக்கவேண்டிய பெட்டிகளை ஏற்றிவிட்டேன், ஏற்றவேண்டியதை இறக்கிவிட்டேன்.

அவரிடம் நேரில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. மாலையில் பாரோய்க்குப் போகும் பேருந்தில் ஏறுவார் என்பது மட்டும் தெரியும். அத்தையிடம் சொன்னேன். அத்தை எப்படியோ ஆள் பிடித்து, ஆளுக்கு ஆள் சொல்லி, பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார். அதற்கு முன் மூன்று வீடுகளில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. கிளம்பும்போது, "இதுவும் கூடி வரலன்னா, இனிமே எவன் வீட்டு வாசலுக்கும் உன்ன அனுப்ப மாட்டேன். நீ பாட்டுக்கு இரு, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்றார். அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கோ இந்த ஒரு வீடு போதும், இது மட்டும் கூடி வரவேண்டும்.

பெண் வீட்டார் சொல்லி அனுப்பிய வழி இதுதான்: "பாரோய்க்கு வந்து இரண்டாம் டிவிஷன் மண்டோர் வீடுன்னு கேளுங்க, சின்னப் புள்ளயும் காட்டும். நாலரைக்கு ராகு காலம், அதுக்கு முன்னாடி வந்துடணும். பொண்ணோட அப்பா அதுல ரொம்பக் கறாரு."

மாமாவின் பழைய வேனில் போனோம். மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை மடியில் தாம்பாளம்: வெற்றிலை பாக்கு, பூ, ஆப்பிள், வாழைப்பழம். வழி முழுக்க எனக்குப் பாடம் நடத்தினார்.

"தட்டுல ஒரு துளி மிச்சம் வச்சாலும், பொண்ணு புடிக்கலன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. என்ன குடுத்தாலும் வழிச்சுச் சாப்பிடணும். கேட்டுதா?"

"கேட்டுச்சு அத்தை."

"போன தடவ வடையில பாதிய வச்சுட்டு வந்தான். அதான் அது போச்சு," என்றார் மாமா.

பாரோய் முனையில் டுரியான் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் மாமா வேனை நிறுத்தி வழி கேட்டார். அவர் பழத்தை முகர்ந்துகொண்டே, "டிவிஷன் டுவா? யாங் மானா சாத்து?" என்றார். எந்த இரண்டாம் டிவிஷன் என்று அந்த மனிதர் தெளிவாகத்தான் கேட்டார். மாமா, "இரண்டாம் டிவிஷன் ஒண்ணுதானே இருக்கும், இவரு என்ன எதுன்னு கேக்கறாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

"பொண்ணு வீட்டுக்கு ஒரு போன் போடுங்களேன்," என்றேன்.

"பொண்ணு வீட்டுக்கே போன் போட்டு வழி கேட்டா நம்மள என்ன நெனப்பாங்க? ஊரு தெரியாத பசங்கன்னு நெனப்பாங்க. சும்மா இரு."

ஒரு சந்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கேட்டோம். சொன்னபடியே சின்னப் பிள்ளைகளே கை காட்டினார்கள். மண்டோர் வீடு கிடைத்துவிட்டது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், "பாத்தியா?" என்பதுபோல.

வாசலில் வேன் நின்றதுமே மண்டோர் கைலியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க வாங்க! உள்ள வாங்கலா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க?"

அவர் மனைவி பின்னாலேயே வந்தார். "இவ்வளவு நாளா இந்த வீட்டுக்கு வழி தெரியலியா உங்களுக்கு?"

அத்தை என் காதில், "பாரு, எவ்வளவு பாசமா கூப்புடறாங்க. இது கூடி வந்துரும்," என்று சொல்லி, தாம்பாளத்தை அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அவர் முகம் மலர்ந்தது. "இதெல்லாம் எதுக்கு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே எடுத்துப்போனார்.

அன்று அவர்கள் கோயிலில் அன்னதானம் நடந்திருந்தது. கேசரியும் வடையும் சட்டி சட்டியாக வீட்டில் இருந்தன. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன் பெரிய மீசை வைத்த ஒரு வாலிபன், பந்து விளையாடும் சட்டை போட்டிருந்தான். "பொண்ணோட அண்ணனா இருக்கும்," என்று அத்தை முணுமுணுத்தார். நான் அத்தை சொன்னபடி வழித்துச் சாப்பிட்டேன். தட்டு காலியானதைப் பார்த்த அந்த அம்மாள், "பாவம், நல்ல பசி" என்று இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். அதையும் வழித்தேன். பெண் பிடித்திருக்கிறது என்பதை இதைவிட எப்படித் தெளிவாகச் சொல்வது?

மழை, விலைவாசி, மூட்டுவலி எல்லாம் பேசி முடித்தோம். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை தொண்டையைச் செருமினார்.

"நல்ல நேரம் போயிட்டு இருக்கு. பொண்ண வரச் சொன்னீங்கன்னா பாத்துடலாம்."

தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டார்கள்.

"எந்தப் பொண்ணு?" என்றார் மண்டோர்.

"உங்க பொண்ணுதாங்க."

"எனக்கு மூணும் பையனுங்க." அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "ஏன்டி, இவங்க உன் ரெம்பாவ் சித்தப்பா வீட்டு ஆளுங்க இல்லியா?"

"எங்க சித்தப்பா வீடா? நீங்கதான கைலியப் புடிச்சிக்கிட்டு வாசலுக்கு ஓடுனீங்க? உங்க பக்கத்து ஆளுங்கன்னுல நான் நெனச்சேன்!"

மீசைக்காரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். "அப்ப யாருப்பா இவங்க?"

நான் வாயில் இருந்த வடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மாமாதான் முதலில் பேசினார். "இது இரண்டாம் டிவிஷன் மண்டோர் வீடுதானே?"

"அதேதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த தோட்டத்து இரண்டாம் டிவிஷன். நீங்க எத தேடி வந்தீங்க?"

அப்போதுதான் விளங்கியது. ஆற்றுப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு தோட்டங்கள் இருந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஓர் இரண்டாம் டிவிஷன், இரண்டுக்கும் ஒரு மண்டோர். தோட்டங்கள் இரண்டும் விற்கப்பட்டு, இரண்டு பக்கத்து ஆட்களும் இதே தாமானுக்கு வந்துவிட்டார்கள், இரண்டு சந்து தள்ளி.

மண்டோர் முகம் இறுகியது. "ஓ, அவன் வீடா. புள்ள நல்ல புள்ள. அப்பன்தான் ஒரு மாதிரி."

இருவரும் வாலிபத்தில் எதிரெதிர் அணியில் பந்து ஆடியவர்கள். ஒரு ஆட்டத்தில் பந்து கோல் கம்பத்தில் பட்டது. கம்பம் கறையான் அரித்த மரம், பந்து பட்டதும் சாய்ந்துவிட்டது. பந்து அதன்மேல் உருண்டு கோட்டைத் தாண்டியது. அது கோலா இல்லையா என்பதில் வந்த சண்டை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. தோட்டம் போய், லயம் போய், பால்மரம் போய், அந்தக் கோல் மட்டும் இரண்டு பேருடனும் பாரோய்க்கு வந்துவிட்டது.

"மணி என்ன?" என்று அத்தை அலறினார். தாம்பாளத்தைக் கேட்டபோது அந்த அம்மாளுக்குச் சங்கடமாகிவிட்டது. ஆப்பிளை எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போதே அறுத்துக் கொடுத்துவிட்டாராம். "வெறும் தட்டா கொண்டுபோகக் கூடாது" என்று தன் வீட்டு ரம்புத்தான் பழத்தைக் கொத்தோடு வைத்து, தானும் வேனில் ஏறிவிட்டார். மண்டோர் வாசலில் நின்று, "நான் வரமாட்டேன்" என்றார். பிறகு, "உங்கள விட்டா நீங்க கோலா பிலாவுக்கே போயிடுவீங்க" என்று அவரும் ஏறினார்.

இரண்டு சந்துதான். ஆனால் அந்த இரண்டு சந்துக்குள் யார் வீட்டு வேன், எங்கே போகிறது என்று நான்கு பேர் நிறுத்திக் கேட்டார்கள். மண்டோர் நான்கு பேருக்கும் பதில் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலரை தாண்டிவிட்டது.

உங்கள் தாத்தா இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முதலில் அவர் கண்ணில் பட்டது நான் இல்லை.

"நீ எதுக்கு இங்க வந்த?"

"உன்னப் பாக்க வரல. மாப்பிள்ளைக்கு வழி காட்ட வந்தேன்."

"நீ வழி காட்டாம இருந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பாங்க."

"வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புற பழக்கம் எங்க டிவிஷன்ல இல்ல."

உங்கள் தாத்தா அத்தையைப் பார்த்தார், தாம்பாளத்தில் இருந்த ரம்புத்தானைப் பார்த்தார், அதன்மேல் ஊர்ந்த எறும்பைப் பார்த்தார். "ராகு காலம் வந்துடுச்சும்மா. இப்ப பொண்ணு பாக்க முடியாது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்பது எங்கள் வீட்டில் கிடையாது. அம்மாவின் முகம் என் கண்முன் வந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கேசரி ஏப்பம்தான் வந்தது. மாமா வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது சன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. செனவாங்கில் மேற்பார்வையாளரை அடக்கிய அதே குரல்.

"அப்பா, பொண்ணு பாக்குறதுக்குத்தான ராகு காலம்? வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுக்குறதுக்குமா ராகு காலம்?"

உங்கள் தாத்தா சன்னலைப் பார்த்தார், எதிரில் பார்த்தார். எதிரில் நிற்பவர் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மண்டோர். அவர் முன்னால், எங்கள் டிவிஷனில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கூடக் கிடையாது என்று சொல்லிவிட முடியுமா?

"கார் போர்ச்சுல நாற்காலி போடு," என்றார்.

வீட்டில் உடுத்தும் பூப்போட்ட உடுப்போடு உங்கள் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது பெண் பார்ப்பது அல்ல, வெறும் தேத்தண்ணி. அதனால் அலங்காரம் கிடையாது, தலை குனிவதும் கிடையாது. என் முன்னால் ஒரு தட்டு கேசரியை வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "சட்டையில கேசரி இருக்கு" என்றார். அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அது வேற வீட்டுக் கேசரி," என்றேன்.

அவர் சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு சிரிப்புச் சத்தம், நெடுநேரம்.

நான் அந்தத் தட்டையும் வழித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

ஆறு மணிக்கு ராகு காலம் முடியும்வரை எல்லோரும் போர்ச்சில் உட்கார்ந்திருந்தோம். மண்டோர்கள் இருவரும் நாற்காலியை வேறு வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பிறகு யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, இரண்டு தேத்தண்ணிக் கிளாசைக் கோல் கம்பமாக வைத்து, ஒரு ரம்புத்தானை உருட்டி அந்தக் கோலை ஆடிக்காட்டினார்கள். ஒவ்வொருவர் உருட்டும்போதும் ரம்புத்தான் அவரவருக்குத் தோதாகவே உருண்டது. கடைசியில் மாமாவை நடுவராக்கினார்கள்.

மாமா நன்றாக யோசித்தார். "கம்பம் விழுந்துட்டா அந்த ஆட்டமே செல்லாதுங்க. திரும்பத்தான் ஆடணும்."

இருவரும் அவரை ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

"பந்து ஆடியிருக்கீங்களா நீங்க?" என்றார் உங்கள் தாத்தா.

"பாத்தா ஆடுன ஆள் மாதிரியா இருக்கு?" என்றார் எங்களோடு வந்த மண்டோர்.

"கம்பம் விழுந்தா திரும்ப ஆடணுமாம்! கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்."

அத்தனை வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே பேச்சு பேசியது அதுதான் முதல் தடவை.

ஆறு மணிக்கு எங்களை உள்ளே அழைத்துப் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். இப்போது முறையான பெண் பார்ப்பு. உங்கள் அம்மா சேலை கட்டி, பூ வைத்து, தலை குனிந்து, மறுபடியும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு வடை, கேசரி, பெரிய லட்டு ஒன்று. என் தட்டில் லட்டு இரண்டு. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே வைத்திருக்கிறார்.

கேசரி போனது. வடை போனது. ஒரு லட்டும் போனது. இரண்டாவது லட்டைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. உங்கள் தாத்தா என் தட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். அத்தையின் முழங்கை என் விலாவில் இடித்தது. அந்த நேரம் வாசலில் நாய் குரைத்தது, எல்லோரும் திரும்பினார்கள். நான் கைக்குட்டையால் வாய் துடைத்தேன். எல்லோரும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது தட்டு காலி.

உங்கள் தாத்தா தட்டைப் பார்த்தார். "பையன் நல்லா சாப்புடறான்," என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "என்னம்மா?" என்றார். உள்ளே இருந்து, "சரிப்பா" என்று வந்தது. கல்யாணப் பந்தல் கம்பத்தை எந்தச் சந்தில் நடுவது என்று இரண்டு மண்டோர்களும் அப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் காவல்காரத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவன் வேலை அது. ஆனால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு காவல்காரன் நின்று, யார், என்ன விஷயம், அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தால், நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். உங்கள் அம்மா சேலை கட்டி, தலை குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போயிருப்பார். நாலாவது வீடும் தட்டிப்போயிருந்தாலும் போயிருக்கும், யாருக்குத் தெரியும்?

அன்று மாமாவும் அத்தையும் என்னை ரெம்பாவ் சாலையில், தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் இறக்கிவிட்டுப் போனார்கள். வேன் போன சத்தம் அடங்கியதும், செம்பனை மரங்களுக்கு நடுவே மண் சாலையில் நடந்தேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கால்வாய்ப் பாலத்தின் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் கை விட்டேன். கைக்குட்டையில் லட்டு நசுங்கி, பாதி தூளாகிக் கிடந்தது. வயிற்றில் இடமே இல்லை. அதை அப்படியே கால்வாயில் போட்டிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. கைக்குட்டையை மடியில் விரித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, நடு நடுவே மூச்சு வாங்கி, முந்திரியும் தூளும் எல்லாம், விரலால் தொட்டுத் தொட்டு, கைக்குட்டை சுத்தமாகும்வரை தின்று முடித்தேன்.